மூக்கு மாமியும் மீன் எண்ணெய்க் குளிசையும்

மண்டைதீவிலிருந்து அனலைதீவுவரை யாரை வேண்டுமானாலும் ஏமாற்றிவிடலாம், எங்கள் ஒழுங்கைக்குள் குடியிருக்கும் மூக்கு மாமியை மட்டும் ஏலாது. கண்ணை நம்பமாட்டா, காதை நம்பமாட்டா, போத்தலில் ஒட்டியிருக்கும் எழுத்தை அறவே நம்பமாட்டா. எதையும் மணந்து பார்த்தபிறகுதான் அது இருக்கிறது என்றே ஒப்புக்கொள்ளுவா.

அதிலும் எண்ணெய் என்றால் ஜென்மப் பகை. வேலணைச் சந்தியில் வடை சுடும் பெடியனின் தாச்சிக்குள் எட்டிப் பார்த்து, "தம்பி, இது இண்டைக்கு ஊத்தின எண்ணெயோ, உம்மடை கலியாணத்துக்கு ஊத்தினதோ?" என்று கேட்பா. கலியாண வீட்டில் பொரித்த ரோல்ஸ் கொடுத்தால் அதைக் கடதாசியில் வைத்து அழுத்தி, கடதாசியை வெளிச்சத்தில் பிடித்து ஆராய்வா. தங்களில் ஏதோ குறை கண்டுபிடித்துவிட்டா என்று பெண் வீட்டார் பயந்துபோன கதையும் உண்டு.

நான் இரண்டாவது பிள்ளைக்கு முழுகாமல் இருந்தபோது மாமியின் மூக்கு எங்கள் குசினிப் பக்கம் திரும்பியது. மாஜரின் டப்பாவைத் திறந்து வாசற்படியில் வைத்துவிட்டுக் காவல் இருந்தா.

"பாத்தீரோ பிள்ளை, எறும்பே கிட்ட வரேல்லை. எறும்பு நம்பாததை வயித்துப் பிள்ளைக்குக் குடுக்கப் போறீரோ?"

டப்பா குப்பைக்குப் போனது. அன்றிலிருந்து நான் ஒன்றும் பூசாத வெறும் பாண்தான் தின்றேன்.

இப்போது சிரித்துக்கொண்டு சொல்கிறேனே தவிர, அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூத்தவள் பாரம் குறைந்து பிறந்து ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தவள். இந்தமுறையும் ஏழாம் மாதக் கிளினிக்கில் மிட்வைஃப் முகத்தைச் சுளித்தா. "பிள்ளையின்ரை வளர்ச்சி காணாது. சூடை, கீரி மாதிரிச் சின்ன மீன் சாப்பிடும். அந்தக் கொழுப்பு பிள்ளையின்ரை மூளைக்கும் கண்ணுக்கும் தேவை."

மறுநாள் கோயிலில் திருவிழாக் கொடியேற்றம். கொடி ஏறினால் தீர்த்தம் முடியும்வரை எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டிலும் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் காய்ச்சுவதில்லை. மதில் மதிலாக மணந்துகொண்டு போய் அதைக் காவல் காப்பதே மூக்கு மாமிதான். போதாக்குறைக்கு என் கணவர் வீட்டார் ஒரு நாள் திருவிழாச் செலவை ஏற்கும் உபயகாரக் குடும்பம்.

கனடாவிலிருந்து மைத்துனர் அனுப்பிய மீன் எண்ணெய்க் குளிசைப் போத்தல் ஒன்று அலுமாரியில் இருந்தது. "இது மருந்துதானே, மச்சமில்லை," என்று இவர் ஆறுதலோடு எடுத்துவந்தார். அந்த நேரம் பார்த்து மாமியும் வந்தா. ஒரு குளிசையைச் சட்டை ஊசியால் குத்தி மூக்கருகே பிடித்தா.

"மீன் எண்ணெய் எண்டு எழுதியிருக்கு. மீன் மணக்கேல்லையே?"

"மணக்காமல்தான் மாமி செய்யிறவை," என்றார் இவர்.

"மணந்தால் மச்சம். மணக்காட்டிக் கள்ளம். எந்தப் பக்கத்தாலையும் இதைப் போட ஏலாது."

தீர்ப்புச் சொன்ன கையோடு போத்தலை மிட்வைஃபிடம் காட்டக் கொண்டுபோய்விட்டா. டொக்டர் பார்க்காமல் போடவேண்டாம் என்று மிட்வைஃபும் சொல்லிவிட்டா. மீனுமில்லை, குளிசையுமில்லை. கொடி ஏறியது. நான் வயிற்றில் கையை வைத்தபடி கண்ணாடிப் பெட்டியையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் திருவிழாவன்று பஸ்ஸால் இறங்கிவந்த மாமியிடம் மீன் மணத்தது. பிள்ளைத்தாச்சியின் மூக்கு, தப்பாது. ஊருக்கெல்லாம் தடை போட்டுவிட்டு மனுசி களவாகப் போய் மீன் தின்றுவிட்டு வருகிறாவே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு கேள்வி கேட்பதென்று படலையடியில் நின்றேன். மாமி என்னையும் தள்ளிக்கொண்டு நேரே குசினிக்குள் போனா. யன்னலைச் சாத்தினா, கதவைச் சாத்தினா, பைக்குள்ளிருந்து தூக்குச்சட்டியை எடுத்துத் திறந்தா. சூடைமீன் சொதி.

"மாமி, கொடியேறிக் கிடக்கு," என்றேன்.

"ஓம், நானும் கண்டனான். மண்டைதீவிலை என்ரை சிநேகிதி வீட்டிலை வச்சுக் காய்ச்சினது. அவை வேதக்காரர், மாதா கோயில் சனம், அங்கை குற்றமில்லை. பொரிக்காமல் காய்ச்சச் சொல்லி மிட்வைஃப் சொன்னவ. சாப்பிடும்."

"சாமி குற்றம்?"

"அதை நான் பாக்கிறன். நீர் ஏன் மீன் தலையை ஒதுக்கிறீர், சூப்பும்."

விழுங்கிவிட்டேனா என்று வாயைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்தபிறகுதான் சட்டியை மூடினா. வெளியில் போயிருந்த இவர் வந்து மூக்கை ஒருதரம் உறிஞ்சினார்.  சாமியறைச் சாம்பிராணியைக் கொண்டுவந்து குசினியில் வைத்துவிட்டுப் போனார்.

ஒருநாள் விட்டு ஒருநாள் தூக்குச்சட்டி வந்தது. தேருக்கு முதல்நாள் கிளினிக்கில் பிள்ளை வளர்ந்திருக்கிறது என்றார்கள். மீனாலோ, என் பயம் குறைந்ததாலோ, எனக்குத் தெரியாது. மாமி கிளினிக் தராசையும் நம்பவில்லை.

தேரன்று, வயிற்றோடு உள்ளே போகக்கூடாதென்று நான் வீதியோரம் நின்றேன். பக்கத்தில் பார்த்தால் மூக்கு மாமி. எந்த வருசமும் முதல் ஆளாக வடம் பிடிக்கிறவ. தர்மகர்த்தாவோடு ஏதோ சண்டை, கொழுவலாம் என்று சனம் குசுகுசுத்தது.

"உள்ளுக்குப் போகேல்லையோ மாமி?"

"மீன் அலசின கை, பிள்ளை," என்று கையைச் சேலைத் தலைப்புக்குள் ஒளித்தா. "அடுத்த வருசம் பாப்பம்."

எனக்கு அவவைக் கட்டிப்பிடித்து அழவேண்டும்போல இருந்தது. அந்தக் கையை இழுத்து என் வயிற்றில் வைத்தேன். உள்ளேயிருந்து பலமாக ஒரு உதை. தேர் எங்களைத் தாண்டிப் போகும்போது, கும்பிடுவதற்குக்கூட மாமி அந்தக் கையை எடுக்கவில்லை.