தலைவருக்கு மேல யாரு?

வென்செஸ்லாவ் அன்னிக்கு ஒரு பெரிய முடிவு எடுத்தாரு. வர்ற சனிக்கிழமை சாயங்காலம் குடியிருப்போட கூரை போட்ட மைதானத்துல பந்துதான் குதிக்கணும். பொம்பளைங்க குதிக்கக் கூடாது.

குதிக்கிறதுல முதல் ஆளு அவர் சம்சாரம் பசித்தா. பேரே அதுதான். பசிச்சாலும் அவகிட்டத்தான் போகணும், பசிக்காட்டியும் அவகிட்டத்தான் போகணும். இவரை ஊரே வென்சின்னு கூப்பிடும். பேர்ல 'வென்' இருக்கு. வீட்ல வென்றதா வரலாறு இல்ல.

இத்தனைக்கும் மனுஷன் சாதாரண ஆளில்ல. கடல் தாண்டி இலோயிலோங்கிற ஊர்ல, அந்தக் குடியிருப்புச் சங்கத்துக்கே தலைவரு. ஆனா கூட்டத்துல இவர் பாஸ்கெட்பால்னு வாயெடுத்தா போதும், பாட்டுப் போட்டு ஜும்பா ஆடுற பொம்பளைங்க கோஷ்டி மொத்தமா எதிர்த்துக் கை தூக்கிடும். ஆடி ஆடி அந்தக் கைங்க எப்பவும் மேலதான் நிக்கும்.

அப்பத்தான் சங்கத்துக்கு சாப்ட்வேர் வந்துச்சு. உறுப்பினருங்க பேரெல்லாம் உள்ள ஏத்தியாச்சு. இனி யாரு தலைவரு, யாரு செயலாளர்னு பொறுப்பு போடணும். ஒவ்வொரு பொறுப்புக்கும் பக்கத்துல குட்டிக் குட்டிக் கட்டம். செய்யலாம்னா டிக். கூடாதுன்னா காலி.

வென்சி வாயைப் பொளந்துக்கிட்டு உக்காந்துட்டாரு. மாதா கோயில் கூரையை முதல் முறை அண்ணாந்து பாக்கிற குழந்தை மாதிரி. அடடா! ஒரு டிக் அடிச்சா அதிகாரம், எடுத்தா அம்போ! கூச்சல் இல்ல, கை தூக்கல் இல்ல. 'மைதானம் ஒதுக்கலாம்'னு ஒரு கட்டம் இருந்துச்சு. தலைவருக்கு மட்டும் அடிச்சாரு. மத்தவங்களுக்கெல்லாம் துடைச்சு எடுத்தாரு. சந்தோஷத்துல கண்ணு கலங்கிப் போச்சு.

பக்கத்து வீட்டு தோரோ எட்டிப் பாத்தான். பந்து கோஷ்டியில இவருக்கு வலது கை.

"பாரே! இதுல மியூஸ் எங்க?"

அங்க சிநேகிதனை 'பாரே'ன்னுதான் கூப்பிடுவாங்க. எதையும் பாக்க வேண்டியதில்ல. ஆனா மியூஸ் விஷயத்தைப் பாத்தே ஆகணும். மியூஸ் இல்லாத சங்கம் அந்த நாட்டுல சங்கமே இல்ல. தோள்ல பட்டை மாட்டிக்கிட்டு, பதாகையைப் பிடிச்சுக்கிட்டு, ஊர்வலத்துக்கு முன்னால நடக்கிற அழகு மகராசி. வேற வேலை? சிரிக்கிறதுதான்.

"பசித்தாவையே போட்டுடறேன்டா! பட்டை உண்டு, பதவி உண்டு. டிக்கு? ஒண்ணு கூட கிடையாது."

"ஒத்துக்குவாளா?"

"அழகின்னா எவடா வேணாம்பா?"

போட்டாரு. சேமிக்கிற பொத்தானை அமுக்கினாரு. சாப்ட்வேர் கேட்டுச்சு: 'தலைவர் யாருக்குக் கீழ்?'

வென்சிக்கு ரோஷம் வந்துச்சு. தலைவருக்கு மேல யாரு? தன் பேரையே போட்டாரு. 'தனக்குத் தானே மேலதிகாரியாக இருக்க முடியாது'ன்னுச்சு. அதைப் படிச்சதும் புல்லரிச்சுப் போச்சு. ஞானிங்க சொல்லாததைப் பொட்டி சொல்லுதே! 'கடவுள்'னு போட்டாரு. 'இப்பெயரில் உறுப்பினர் இல்லை'ன்னுச்சு.

"என்ன டாடி முழிக்கிற?" அரிசி மாவுப் பலகாரம் புட்டோவை ஆவியில வச்சிட்டு வந்து நின்னா பசித்தா. அங்க புருஷன் பொண்டாட்டிக்குள்ள டாடி, மம்மிதான்.

"எனக்கு மேல ஆளு கேக்குது மம்மி."

"இதுக்கா இந்த முழி? மியூஸைப் போடு."

"நீயா?"

"கிறிஸ்துமஸ் மரத்து உச்சியில நட்சத்திரம் வைக்கிறோமே, அது மரத்துக்கு உத்தரவா போடுது? சும்மா மினுக்கும். எனக்குத்தான் ஒரு டிக்கும் குடுக்கலையே நீ."

அந்தக் கடைசி வார்த்தையில கொஞ்சம் சோகம் இருந்துச்சு. வென்சிக்கே பாவமாப் போச்சு. "சரி, மினுக்கிக்க"ன்னு போட்டாரு. சேமிச்சுது. உச்சியில மியூஸ், கீழ தலைவரு, அதுக்குக் கீழ ஊரு. பாக்கப் பாக்க அழகா இருந்துச்சு.

சனிக்கிழமை. தொப்பைக்கு மேல பனியனை இழுத்து மாட்டிக்கிட்டு பந்து கோஷ்டி வாசல்ல நிக்குது. வென்சி போனை எடுத்து, மைதானம் பாஸ்கெட்பாலுக்குன்னு கம்பீரமா அமுக்கினாரு.

'உங்கள் கோரிக்கை மேலதிகாரியின் ஒப்புதலுக்குச் சென்றுள்ளது. மேலதிகாரி: மியூஸ்.'

அடுப்படிக்கு ஓடினாரு. "மம்மி! உனக்குத்தான் டிக்கே இல்லையே!"

புட்டோவைப் பிட்டு வாயில போட்டுக்கிட்டே பசித்தா எல்லாத்தையும் புட்டுப் புட்டு வச்சா. "கீழ இருக்கிறவங்க டிக்கெல்லாம் மேல இருக்கிறவங்களுக்குத் தானா வந்துடும் டாடி. முதல் பக்கத்துலயே எழுதியிருக்கான். நீ எங்க படிச்சே? கட்டத்தைப் பாத்து அழுதுக்கிட்டுல்ல இருந்தே!"

வென்சி பிரமிச்சு நின்னாரு. இவ்வளவு பெரிய சாப்ட்வேரைச் செஞ்சவன் கூட இவகிட்ட வந்து படிக்கணும். "ஒரே ஒரு வாரம்... பசங்க வெளிய நிக்கிறாங்க மம்மி... என் மானம்..."

"மியூஸுக்கு அதெல்லாம் தெரியாதுப்பா. சிரிக்க மட்டும்தான் தெரியும்." சிரிச்சுக்கிட்டே போன்ல மைதானத்தை ஜும்பாவுக்கு ஒதுக்கினா. வாசல்ல அடுத்த நிமிஷமே ஜும்பா கோஷ்டி செருப்புச் சத்தம். "ஆனா உன்னைக் கைவிட்டுடுவேனா? மியூஸ் தனியா நடந்தா நல்லாயிருக்காதுல்ல. பக்கத்துல துணைக்கு ஒருத்தன் நடப்பானே, எஸ்கார்ட்டு, அந்தப் பொறுப்பை உனக்குப் போட்டுட்டேன்."

"அப்ப தலைவரு?"

"காலியா வச்சிருக்கேன். இத்தனை நாள் இருந்த மாதிரியே."

போன் சிணுங்குச்சு. திறந்து பாத்தாரு. எஸ்கார்ட்டுக்கு டிக் ஒண்ணே ஒண்ணு விழுந்திருந்துச்சு: 'ஜும்பாவுக்கு ஸ்பீக்கர் தூக்கலாம்.'