கவிழ்த்த சட்டிகள்

விடிந்ததும் வாசலில் சிறுத்தையின் கால் தடங்களைக் கண்ட விஜயகலா, முதலில் தேடியது விளக்குமாற்றைத்தான்.

கஹவத்தைக்கு மேலே, பழைய தேயிலைத் தோட்டத்துப் பங்களாவை விருந்தினர் விடுதியாக மாற்றியதிலிருந்து அங்கே சமையலும் காவலும் அவள்தான். போன மாதம் வந்த குடும்பம் இதே மாதிரித் தடத்தைப் பார்த்துவிட்டு, காலைச் சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் போய்விட்டது.

"இன்னொரு கூட்டம் பாதியில ஓடினா பங்களாவைப் பூட்டிருவேன். நீ பழையபடி மலைக்குக் கொழுந்து எடுக்கப் போக வேண்டியதுதான்" என்று தோட்டத்தை நடத்தும் துரை சொல்லியிருந்தார்.

இப்போது உள்ளே பல்கலைக்கழக மாணவர்கள் எட்டுப் பேர், அவர்களுடைய விரிவுரையாளர் பஸீஹா மிஸ். மூன்று நாள் தங்குவதாக ஏற்பாடு. என்ன படிப்பு என்று கேட்டதற்கு, "சும்மா, மரம் செடி" என்றிருந்தார் மிஸ்.

கூட்டி முடிக்கும்போது நூரியா என்ற மாணவி வந்து, தரையைக் குனிந்து பார்த்தாள்.

"வாசல் நல்ல சுத்தம், அக்கா." குரலில் சந்தோஷம் இல்லை.

பிள்ளைக்கு இந்தச் சுத்தம் போதவில்லை போல என்று நினைத்து, மறுநாள் கேட் வரைக்கும் கூட்டினாள் விஜயகலா.

அன்று பின்னேரம் காட்டுப் பக்கமிருந்து மரம் அறுப்பதைப் போல ஒரு சத்தம் வந்தது. சிறுத்தையின் உறுமல் அப்படித்தான் இருக்கும் என்று விஜயகலாவுக்குத் தெரியும். மாணவர்கள் தேநீரை வைத்துவிட்டு எழுந்தார்கள்.

"அது என்ன அக்கா?"

"லயத்துல கந்தையா மாமா பலகை அறுக்குறாருங்க."

"போய்ப் பார்க்கலாமா?"

விஜயகலா குறுக்கு வழியில் தொழிலாளர் வீடுகள் இருந்த லயத்துக்கு ஓடி, கந்தையாவின் கையில் ரம்பத்தைத் திணித்தாள்.

"எதைம்மா அறுக்க?"

"எதையாவது அறுங்க மாமா."

மாணவர்கள் வந்து சேர்ந்தபோது அவர் தன் வீட்டு பெஞ்சின் இரண்டாவது காலை அறுத்துக்கொண்டிருந்தார். நூரியா குறிப்பேட்டில் எழுதியிருந்த ஏதோ ஒன்றை அடித்துவிட்டாள்.

மூன்றாம் நாள் விடியும் முன்பே மழை பெய்து ஓய்ந்திருந்தது. பின்வாசல் சேற்றில் மூன்று தடங்கள், சீமெந்தில் பதித்ததைப் போல. விளக்குமாறு பட்டதும் மேலே கிடந்த சருகு விலகி, அவை இன்னும் அழகாகத் தெரிந்தன. சோற்றுச் சட்டி, பருப்புச் சட்டி, கறிச் சட்டி மூன்றையும் கொண்டுவந்து மேலே கவிழ்த்தாள். சமைக்கச் சட்டி இல்லாததால் காலைச் சாப்பாடு கடையில் வாங்கிய பாண் ரொட்டியும் வாழைப்பழமும்தான்.

யாரும் குறை சொல்லவில்லை. பைகள் வேனில் ஏறின. இன்னும் பத்து நிமிடம் போனால் பங்களா தப்பித்துவிடும். ஆனால் எல்லாருடைய முகமும் வாடியிருந்தது. விஜயகலாவுக்கு மனம் கேட்கவில்லை. வேன் சாரதி நுஹ்மானிடம் மெதுவாகக் கேட்டாள்.

"தம்பி, பிள்ளைங்க ஏன் ஒரு மாதிரி இருக்காங்க? பாண் குடுத்ததாலயா?"

"சீச்சீ. அவங்க சிறுத்தை தேடி வந்தவங்க. ஒரு தடம் கெடைச்சிருந்தா மூணு மாசம் இங்கயே தங்கி ஆராய்ச்சி செய்ற பிளான். உங்கள்ட்ட சொல்ல வாணாம்னு மிஸ் சொல்லிட்டாங்க."

"ஏன்?"

"நீங்க பயந்து ஓடிட்டா யாரு சமைக்கிறதுன்னுதான்."

விஜயகலா கையிலிருந்த விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, வேனின் ஜன்னலைத் தட்டினாள்.

"மிஸ், பின்வாசல்ல மூணு சட்டி கவிழ்ந்து கெடக்கு. கொஞ்சம் தூக்கிக் குடுத்துட்டுப் போங்க."