இடைவேளை வரை குறுப்பு

உயிரே போனாலும் எழுதியதை மாற்றுவதில்லை என்று பிரபாகர குறுப்பு அன்று காலை புட்டையும் பழத்தையும் பிசைந்துகொண்டே முடிவு செய்தார்.

கேரளத்து வடகரையில் வியாழன்தோறும் வரும் 'கடலோசை' பத்திரிகையில் ஒன்பது வருடமாக அவர் 'குறுப்பின் குறிப்பு' எழுதிவருகிறார். பகலில் மின்வாரிய ஆபீசில் சூப்பரின்டெண்ட். அங்கே அவர் பேச்சை மின்விசிறிகூடக் கேட்காது. சினிமா என்றால் மட்டும் ஊரே கேட்கும். எந்தப் படத்தைப் பற்றியும் அவருக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. பேய்ப் படமா? "பேய்க்கு நடிப்பு வருகிறது. மனிதர்களுக்குத்தான் வரவில்லை." சண்டைப் படமா? "கதாநாயகன் வில்லனை முப்பது அடி அடித்தான். என் காதை முந்நூறு அடி." நூலகத்தில் திரையிட்ட ஈரானியப் படமா? "இரண்டு மணி நேரம் ஒரு கழுதை நடக்கிறது. நம் நாயகர்களைவிட நன்றாக நடக்கிறது. நடிக்கவும் செய்கிறது."

இந்த வாரம் ஒரு குடும்பப் படம். அதைப் பற்றி, "பெண்கள் படம் பார்க்கப் போவதில்லை, கைக்குட்டை நனைக்கப் போகிறார்கள்" என்று எழுதிவிட்டார். அதுதான் வினை.

"ஏட்டா, மீன் வாங்கற இடத்துல எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிக்கறாங்க" என்றாள் அவர் மனைவி பங்கஜாக்ஷி. "'கைக்குட்டை காஞ்சுதா'ன்னு கேக்கறா அடுத்த வீட்டு ஜானு."

"உன்னைப் பத்தி எழுதலைடி. பெண்குலத்தைப் பத்தி எழுதினேன்."

"பெண்குலத்துல உங்ககூட தியேட்டருக்கு வர்றது நான் ஒருத்திதான். அந்தப் படத்துக்கு நான் அழக்கூட இல்லையே!"

குறுப்பு குரலை உயர்த்தினார்.

"எழுதினது எழுதினதுதான்! கேரளமே திரண்டு வந்து வாசல்ல நின்னாலும் ஒரு கமாவை மாத்த மாட்டேன்!"

"கேரளம் எதுக்கு, உக்கார வைக்க இடமில்ல. அடுத்த வாரம் 'தப்பா எழுதிட்டேன்'னு ஒரே ஒரு வரி போடுங்க."

"முடியாது."

"முடியாதா?"

"முடியவே முடியாது!"

"சரி."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அந்த 'சரி'க்கு அவர் நடுங்கியிருக்க வேண்டும். வெற்றி என்று நினைத்து இன்னொரு பழத்தை உரித்தார்.

அவருடைய எழுத்தில் ஒரு ரகசியம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தி மீன் குழம்பும் சோறும் ஒரு பிடி பிடித்துவிட்டு இருவரும் மேட்னி போவார்கள். இடைவேளை வரை குறுப்பு சிங்கம். இடைவேளை முடிந்து விளக்கு அணைந்ததும் அவரும் அணைந்துவிடுவார். 'கண்ணை மூடிச் சிந்திக்கிறேன்' என்பார். சிந்தனை மூன்று வரிசைக்குக் கேட்கும். சாயங்காலம் பால் விடாத கட்டன்சாயா குடிக்கும்போது பரீட்சை அதிகாரி மாதிரி உட்கார்ந்துகொண்டு, "எங்கே, ரெண்டாம் பாதியை நீ எப்படிப் புரிஞ்சுகிட்டேன்னு பாப்போம். சொல்லு" என்பார். அவள் சொல்லுவாள். "சுமார். நூத்துக்கு நாப்பது" என்பார். நாற்பது மார்க் வாங்கிய அந்தப் பதில்தான் வியாழக்கிழமை அச்சில் வந்து ஊரை மயக்கும்.

அந்த ஞாயிறு பார்த்தது வடகரைக்காரப் பையன் ரஜிலேஷ் எடுத்த முதல் படம். கல்யாணச் சமையலில் பேர்போன ஒருவனுக்குத் திடீரென்று நாக்கில் ருசி தெரியாமல் போகிறது. மறுநாள் இரண்டாயிரம் பேருக்குச் சாப்பாடு. அங்கே இடைவேளை. குறுப்பும் இடைவேளை விட்டார். எழுந்தபோது தியேட்டரைப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள்.

"சொல்லு, முடிவை எப்படிப் புரிஞ்சுகிட்டே?" என்றார் சாயாவை உறிஞ்சியபடி.

பங்கஜாக்ஷி முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "பாவம், அந்தச் சமையக்காரன். சாம்பார் அண்டாவுக்குள்ள விழுந்து செத்துப்போறான்."

"ம். எப்படி விழறான்?"

"ருசி தெரியுதான்னு பாக்க எட்டிக் குனியறான். தலைகீழா."

"அப்புறம்?"

"அப்புறமென்ன, ஒரு முருங்கைக்காய் மட்டும் மேல மிதக்குது. படம் முடிஞ்சுது."

குறுப்பு கண்ணை மூடி ஒரு நிமிஷம் உருகினார். "முப்பத்தஞ்சு மார்க். முருங்கைக்காயோட அர்த்தம் உனக்குப் புரியல."

புதன்கிழமை சாயங்காலம் நூலக மண்டபத்தில் ரஜிலேஷுக்குப் பாராட்டு விழா. முதலில் பேச அழைத்தது குறுப்பைத்தான். மண்டபம் நிறைந்திருந்தது. இரண்டாவது வரிசையில் பங்கஜாக்ஷி வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"நண்பர்களே!" என்று ஆரம்பித்தார். "நம் சமுதாயம் எதில் மூழ்கிச் சாகிறது? தன் சொந்தச் சாம்பாரில்! அந்தச் சமையல்காரன் அண்டாவில் தலைகீழாக விழுந்து உயிர்விட்ட காட்சியில் நான் எழுந்து நின்று கும்பிட்டேன். மேலே மிதந்ததே ஒரு முருங்கைக்காய், அது முருங்கைக்காயா? இல்லை! நம் மனசாட்சி!"

பின்வரிசையில் ஒருவர் தும்முவது போலச் சிரித்தார். அப்புறம் கூரை பறந்தது.

ரஜிலேஷ் மெல்ல எழுந்தான். "சாரே, சமையக்காரன் சாகலையே. கடைசி சீன்ல அவனுக்குப் பொன்னாடை போத்தறாங்க. அந்த நடிகர் இதோ, உங்க பக்கத்துலதான் உக்காந்திருக்கார்."

பக்கத்து நாற்காலிக்காரர் எழுந்து, உயிரோடு கும்பிட்டார்.

குறுப்பு மனைவியைப் பார்த்தார். அவள் ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டாள். எல்லாம் புரிந்தது. வேறு யாராவது என்றால் மேடையை விட்டு இறங்கியிருப்பார்கள். குறுப்பு மைக்கை இறுக்கிப் பிடித்தார்.

"நீ எடுத்த படத்துல அவன் உயிரோட இருக்கலாம் மோனே. கலையோட பார்வையில அவன் செத்தாச்சு! என் அபிப்பிராயம் அதுதான். மாத்த மாட்டேன்!"

"அப்ப முருங்கைக்காய்?" என்று யாரோ கத்தினார்கள்.

"அதையும் மாத்த மாட்டேன்!"

கால் மணி நேரம் தனியாளாகப் போராடினார். கடைசியில் ரஜிலேஷ் பரிதாபப்பட்டு, "பெண்கள் யாராவது ரெண்டு வார்த்தை சொல்லுங்களேன்" என்று பேச்சை மாற்றினான்.

பங்கஜாக்ஷி மடியிலிருந்த தோலைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

"நான் கைக்குட்டை கொண்டு வரல. அதனால தைரியமாச் சொல்றேன்" என்றாள். கூட்டம் சிரித்து அடங்கும்வரை காத்திருந்தாள். "ரெண்டாம் பாதி பூரா அவன் பொண்டாட்டி திரைக்குப் பின்னால நின்னு ருசி பாத்துச் சொல்றா. உப்புன்னா ஒரு தலையாட்டு, புளின்னா ஒரு தலையாட்டு. கடைசியில பொன்னாடை அவனுக்கு, கரண்டி அவளுக்கு. தியேட்டர்ல எல்லாரும் கைதட்டினாங்க. எனக்குக் கை வரல. ஒரு நாளாவது அவ தலையாட்டாம இருந்தா என்ன ஆகும்னு படத்துல காட்டியிருக்கலாம். நான் காட்டியிருப்பேன்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். ரஜிலேஷ்தான் முதலில் கைதட்டினான். பிறகு மண்டபம் முழுக்க. குறுப்பின் கைகளும் மெல்ல எழுந்தன. பாதியில் சுதாரித்துக்கொண்டு மூக்கைச் சொறிந்தார்.

'கடலோசை' ஆசிரியர் சாத்துக்குட்டி அங்கேயே அவளிடம் ஓடிவந்தார். "இதை அப்படியே எழுதித் தாங்க சேச்சி! வாரா வாரம் தாங்க!"

"அந்த இடம் என்னோடது!" என்று குறுப்பு இடையில் பாய்ந்தார். "ஒன்பது வருஷமா என் ரத்தத்தைக் கொட்டி எழுதற இடம்!"

சாத்துக்குட்டி நல்ல மனுஷர். யோசித்துச் சொன்னார்: "சண்டை வேண்டாம் சாரே. இடைவேளை வரைக்கும் நீங்க எழுதுங்க. இடைவேளைக்கு அப்புறம் சேச்சி எழுதட்டும்."

வீட்டு வாசற்படியில் நின்று குறுப்பு அறிவித்தார்: "பாதிதானே? அந்தப் பாதியில நான் யாருன்னு காட்டறேன். ஒரு எழுத்தை யாரும் தொடக்கூடாது!"

"சரி" என்றாள் பங்கஜாக்ஷி.

அடுத்த ஞாயிறு ஒரு சரித்திரப் படம் பார்த்தார்கள். குறுப்பு யானைப்படையை விளாசினார், ராஜாவின் ஒட்டுமீசையைப் பிடுங்கி எறிந்தார், முதல் பாதிக்கு மட்டும் பதினோரு பக்கம் எழுதி அனுப்பினார். வியாழக்கிழமை காலை பத்திரிகையைப் பிரித்தார். பக்கம் முழுக்கப் பங்கஜாக்ஷி. கீழே ஓரமாக ஒரே ஒரு வரி: "இடைவேளையில் விற்ற பழம்பொரி நன்றாக இருந்தது. – பி. குறுப்பு."

"யாரு! யாரு வெட்டினது?" வீடு அதிர்ந்தது.

"இடம் பத்தலைன்னு சாத்துக்குட்டி எங்கிட்டக் கேட்டார் ஏட்டா" என்றாள் அவள் சாயாவை நீட்டியபடி. "இப்பல்லாம் நீங்க முதல் பாதியிலேயே சிந்திக்க ஆரம்பிச்சிடறீங்க. முழிச்சிருந்து பாத்து எழுதினது எதுன்னு தேடி, அதை மட்டும் விட்டுவெச்சேன்."