மௌனசாமி மறியலைக் கடந்த கதை

பேச்சை ஒழிப்பதற்கென்றே இவ்வுலகில் பிறந்தவர் எங்கள் மௌனசாமி. தியாகதுருகத்துப் பக்கம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெளிநாட்டுக் குருக்கள் நிறுவிய குருமாணவர் பள்ளியில் அவர் விடுதிக் கண்காணிப்பாளர், நான் தமிழாசிரியன். பஞ்சத்தையும் வாந்திபேதியையும் அப்பள்ளி தாண்டி நின்றது எவ்வாறு என்று வினவினால், "வாய மூடிக்கினு இருந்ததாலங்க" என்பார். உணவறையில் முறுக்கைக் கடித்த ஓசைக்காக ஒரு மாணவனை முழந்தாளிடச் செய்தார். செபவேளையில் கூவிய சேவல் மறுநாள் குழம்பாயிற்று.

பள்ளி வாயிலைத் தாண்டினால், சிலுவை முன்னே செல்ல, வெள்ளுடையில் இருவர் இருவராக, சேருமிடம் வரை பேசாது நடக்க வேண்டும் என்பது நிறுவனர் காலத்து விதி. அதற்குக் காவல் மௌனசாமி.

இடஒதுக்கீட்டுக் கிளர்ச்சி ஆண்டுகளில் ஒரு செப்டம்பர். கணக்கில் தவறிய எங்கள் மாணவர்க்குக் கள்ளக்குறிச்சியில் மறுதேர்வு. அதையும் தவறவிட்டால் அவர்கள் கைக்கு மண்வெட்டிதான். மறியலுக்காகச் சாலையெங்கும் புளியமரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டிருந்தன, பேருந்து இல்லை. இருள் பிரியுமுன் நடந்தே புறப்பட்டோம்.

முதல் மறியலில் கூட்டம் எங்களைக் கண்டு திகைத்தது.

"இன்னாடா, சிலுவ தூக்கிக்கினு வராங்க? சாவா?"

"பொணம் எங்கண்ணே?"

"பஸ்ஸு ஏதுடா? பொணம் கள்ளக்குறிச்சிலயே கெடக்குது போல. இவங்க போய்த்தான் எடுக்கணும்."

"யாருங்க செத்தது?" என்று மௌனசாமியையே கேட்டனர். அவர் வாய் திறவாது, 'இறைவன் பார்த்துக்கொள்வார்' என விரலை வானோக்கி உயர்த்தினார். போதுமே! தலைத்துண்டுகள் இறங்கின. ஒரு பெண்மணி "ஐயோ, என் ராசா!" என்று ஒப்பாரியே தொடங்கிவிட்டார், யாருக்காக என்பது அவருக்கே தெரியாது. கிளைகளை விலக்கி வழிவிட்டனர். நான் சிரிப்பை இருமலாக்கினேன். அதற்கும் ஒரு முறைப்புக் கிடைத்தது.

அடுத்த மறியலில் முன்னின்றவர், எங்கள் மாணவன் சூசையின் தந்தை. பல நாளாக வீட்டுக்குப் போகாதவர். மகனைக் கண்டதும் முகம் வெளிறியது.

"டேய் சூசை! யாருடா போனது? ஒங்கம்மாவா? சொல்லுடா!"

சூசை பதில் சொல்ல வாயெடுத்தான். கண்கள் மௌனசாமியை நாடின. விதி விதிதானே. தந்தை அப்படியே சாலையில் அமர்ந்துவிட்டார்.

"யாரும் சாவலங்க!" மௌனசாமியின் குரல் புளியங்கிளைகளை அதிரச் செய்தது. "அம்மா வூட்ல நல்லாக்கீறாங்க. ஒங்க புள்ளைக்குக் கணக்குப் பரீட்ச. நேரமாவுது, வழி விடுங்க!"

நிறுவனர் காலம் முதல் நின்ற விதி நடுச்சாலையில் வீழ்ந்தது.

தந்தை துள்ளியெழுந்தார். "யோவ், இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? நாங்க ரோட்ல கெடக்கறதே இவனுங்க படிப்புக்குத்தான்யா!" என்று ஏசியவாறே அடிமரத்துக்குத் தோள் கொடுத்தார்.

தேர்வுக்கு நேரத்தில் சேர்ந்தோம். திரும்பும் வழியில் மாணவர்கள் விடைகளைப் பற்றிக் கூச்சலிட்டுக்கொண்டே வந்தனர். மௌனசாமி ஒருவரையும் அதட்டவில்லை. அந்த இரைச்சலில் யாருக்கும் கேளாது என நம்பி, ஏதோ ஒரு தாலாட்டை மெல்லப் பாடியபடி வந்தார். நான் அவரையொட்டியே நடந்தேன்.