அம்மா ஃபேன் போட்ட கண்காட்சி

இருபத்தாறு வயதில் எனக்குத் தெரியாத விஷயமே கிடையாது. அதற்கப்புறம் பன்னிரண்டு வருடங்களாக ஒவ்வொன்றாக மறந்துகொண்டு வருகிறேன். இப்போதுதான் வேலை கொஞ்சம் ஒழுங்காக நடக்கிறது.

ஓவியக் கண்காட்சிகளை வடிவமைப்பது என் தொழில். எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எந்தப் படம், எவ்வளவு உயரத்தில், எவ்வளவு வெளிச்சத்தில் என்று முடிவு செய்கிறவரை க்யூரேட்டர் என்பார்கள். (மயிலாப்பூரில் எங்கள் அடுக்ககத்தில் அம்மா இதை "படம் மாட்டற கம்பெனியில இருக்கா" என்று சுருக்கி வைத்திருந்தாள். மாடி வீட்டு மாமி ஒருமுறை, "உன் பொண்ணு வந்தா ரெண்டு ஆணி அடிச்சுட்டுப் போகச் சொல்லேன்" என்று கேட்டும்விட்டார்.)

முதல் வேலை ராஜா அண்ணாமலைபுரத்தில். தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த தங்கராஜ் அண்ணாச்சி, தன்னுடைய பழைய பங்களாவின் கீழ்த்தளத்தை ஓவியக்கூடமாக மாற்றியிருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஓவியம் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்று அவரே எல்லாரிடமும் சொல்வார். ஆறு மாதம் அங்கே அழைப்பிதழ்களை உறையில் போட்டு ஒட்டிக்கொண்டிருந்த என்னை ஒருநாள் கூப்பிட்டார்.

"அடுத்த கண்காட்சி உன் பொறுப்பும்மா. நல்லா வந்துச்சுன்னா வேலை உறுதி. இல்லன்னாலும் கவலப்படாத, கடையில பட்டுச்சேல செக்சனுக்கு ஆள் வேணும்."

ஓவியர் பெயர் அருள். பாலவாக்கத்து மீன்பிடிக் குடும்பம். பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியர். வரைவது கடலை மட்டும்தான். படகு கிடையாது, ஆள் கிடையாது, பச்சையும் சாம்பலுமாக வெறும் தண்ணீர். சட்டம் போடாத துணிப்படங்கள், மேல்விளிம்பில் ஒரு கழி கோத்திருக்கும். மொத்தம் பதினாறு. எனக்குப் பார்த்தவுடனே பிடித்துப்போயிற்று.

பிரித்து அடுக்கும்போதுதான் கவனித்தேன், எல்லாப் படங்களின் முதுகிலும் கரிக்கோட்டால் முகங்கள்.

"இதென்ன சார்?"

"கொடில மாட்டி பெயின்ட் காயற வரைக்கும் கை சும்மா இருக்காது மேடம். எங்க வூட்டு ஆளுங்க, தெரு ஆளுங்கள போட்டேன்."

"பார்க்கக் கிறுக்கலா இருக்கே. அழிச்சிடலாமா?"

அருள் படத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "இருக்கட்டும் மேடம். பின்னாடி போய் யாரு பாக்கப் போறாங்க?" என்றார்.

அதன் பிறகு நான் இரண்டு வாரம் யோசித்தேன். (அந்த யோசனைதான் எல்லாவற்றுக்கும் காரணம்.) படங்களைச் சுவரில் மாட்டுவது பழைய பாணி என்று தோன்றியது. கூடத்தின் நடுவே, உத்தரத்திலிருந்து மீன்பிடிக்கிற நைலான் நரம்பில் தொங்கவிடுவோம். இரண்டு நரம்பு கட்டினால் படம் சிறைப்பட்டது போல இருக்கும். ஆகவே படத்துக்கு ஒரே நரம்பு. முதுகுப்பக்கம் யார் கண்ணிலும் படாமல் இருக்கத் தரையெல்லாம் அம்புக்குறி ஒட்டினேன். கடைசியாக ஒன்று: பார்வையாளர் கடற்கரைப் புழுக்கத்தை உடம்பால் உணர வேண்டும் என்று ஏ.சி.யை நிறுத்திவைத்தேன். மே மாதத்தில்.

திறப்பு நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் கூடம் நிரம்பிவிட்டது. பாலவாக்கத்திலிருந்து அருளின் சொந்தக்காரர்கள் முப்பது பேர் வேனில் வந்து இறங்கினார்கள். இஸ்திரி போட்ட சட்டை, தலை நிறைய மல்லிகை. உள்ளே வந்ததும் ஏதோ அரசாங்க ஆபீசுக்கு வந்த மாதிரி சுவரோரமாக வரிசையில் நின்றுகொண்டார்கள். மீன் விற்கிற அருளின் அக்கா பிலோமினா என் பக்கம் குனிந்து, "எம்மா, இங்க பேசலாமா?" என்று கேட்டார்.

நான் உதட்டில் விரலை வைத்து, "மௌனமா உணரணும்" என்றேன். (இதை எழுதும்போதும் எனக்குக் காது சுடுகிறது.)

பாவம், அவர் உணர ஆரம்பித்தார். எல்லாருமே உணர்ந்தார்கள். அண்ணாச்சியின் வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. விருந்தாளிகள் என் அழைப்பிதழாலேயே விசிறிக்கொண்டார்கள்.

அப்போதுதான் அம்மா வந்தாள். கூடத்தை ஒரு சுற்று பார்த்தாள். "என்னடி இது, எல்லாரும் வேர்த்து வழிஞ்சிண்டு நிக்கறா, ஒரு ஃபேன் போடப்படாதோ?" என்று சொல்லிக்கொண்டே சுவிட்ச்போர்டு பக்கம் போனாள். உத்தரத்தில் பங்களா காலத்து ஃபேன்கள் இரண்டு அழகுக்காகத்தான் இருக்கின்றன என்று நான் நினைத்திருந்தேன். இரண்டும் பிரமாதமாக ஓடின.

முதலில் ஒரு படம் லேசாக அசைந்தது. அடுத்தது அரைவட்டம் திரும்பியது. அப்புறம் பதினாறும் கோயில் திருவிழா ராட்டினம் போல அதனதன் இஷ்டத்துக்குச் சுற்றத் தொடங்கின. நான் கூடத்தின் மறுகோடியிலிருந்து, "அம்மா! ஃபேன்! ஃபேன்!" என்று கத்தினேன். காற்று போதவில்லை என்கிறேன் என்று புரிந்துகொண்டு, அம்மா ரெகுலேட்டரைக் கடைசிவரை திருகினாள்.

இருந்ததிலேயே பெரிய படம் அண்ணாச்சியின் பின்மண்டையில் பளாரென்று அறைந்தது.

"யாருலே அது?" என்று அவர் திரும்பினார். படமும் திரும்பியது. வாயில் பீடியோடு, ஒரு கண்ணைச் சுருக்கிச் சிரிக்கிற ஒரு கிழவர் முகம் அவரை நேருக்கு நேர் பார்த்தது.

எனக்குப் பட்டுச்சேலை செக்சன் கண்ணில் தெரிந்தது. அடுத்த நொடி பிலோமினா அக்கா கத்தினார்:

"ஐய்ய! நம்ம அந்தோணி மாமா!"

சுவரோரம் நின்ற அந்தோணி மாமா அதே கண்ணைச் சுருக்கிச் சிரித்தார். அவ்வளவுதான், வரிசை கலைந்தது. என் அம்புக்குறிகளை மிதித்துக்கொண்டு முப்பது பேரும் படங்களுக்குள் பாய்ந்தார்கள். "ஏ ரோசி, இன்னாடி உன் மூக்கு இம்மாம் பெருசா கீது!" "எங்கடா நானு? என்னிய உட்டுட்டியா அருளு?" படம் சுற்றுகிற வேகத்துக்கு ஈடாகத் தாங்களும் சுற்றிச் சுற்றி முகங்களைத் தேடினார்கள். அருள் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஒருவழியாக அம்மா ஃபேனை நிறுத்தியபோது நாலு படங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருந்தன. பிலோமினா அக்கா நரம்பைப் பிடித்துப் பார்த்தார்.

"யாரு கட்டுனது இத? பூ கட்டுற முடிச்சு போட்டுகீது."

"நான்தான்க்கா."

"படிச்ச பொண்ணு!" என்றார், இரக்கத்தோடு. அவரும் இன்னும் இரண்டு பெண்களும் பத்தே நிமிடத்தில் சிக்கெடுத்து, கழிக்கு இரண்டு நரம்பாகக் கட்டினார்கள். கட்டும்போது, "எந்தப் பக்கம் வாசலப் பாத்து இருக்கணும்?" என்று கேட்டார்.

எல்லாம் தெரிந்த நான் முதல்முறையாக இன்னொருவரிடம் யோசனை கேட்டேன். "நீங்களே சொல்லுங்கக்கா" என்றேன்.

"கடலு எங்கயும் ஓடிப்போவாது. மொதல்ல மூஞ்சியக் காட்டு."

அப்படியே மாட்டினோம். மண்டிபோட்டு அம்புக்குறிகளை நானே உரித்தேன், ஏ.சி.யையும் போட்டேன். அதன் பிறகு அந்தக் கூடத்தில் நடந்தது ஒரு கல்யாண வீடு. ஆளாளுக்குத் தங்கள் படத்துக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அண்ணாச்சி அந்தோணி மாமாவிடம், "கடல்ல எம்புட்டுத் தூரம் போவீய?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார். அம்மா பிலோமினா அக்காவிடம், துணி உலர்த்தக் கொடி கட்ட இந்த நரம்பு எங்கே கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

கிளம்பும்போது அண்ணாச்சி பின்மண்டையைத் தடவிக்கொண்டே என்னிடம் வந்தார்.

"சேலைய விரிச்சா முந்தியத்தான் மொதல்ல காட்டணும். நீ முந்திய மடிச்சு உள்ள வச்சிட்டியேம்மா." அந்தோணி மாமாவின் முகத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "சரி, வேலை உறுதி. ஆனா அடுத்த தடவையும் உங்க அம்மாவக் கூட்டியா."

அன்றைக்கு ஆரம்பித்த பழக்கம், இன்றும் எந்த ஓவியரின் வீட்டுக்குப் போனாலும் முதலில் படத்தைத் திருப்பித்தான் பார்ப்பேன். பிறகு அந்த வீட்டில் இருப்பவர்களிடம் பேசுவேன். படங்களை எங்கே மாட்டுவது என்பது மூன்றாவது வேலை. யாரையும் மௌனமாக உணரச் சொல்வதில்லை.

அம்மாவோ, வீட்டுக்கு வருகிற அத்தனை பேரிடமும் இந்தக் கதையைச் சொல்லிவிட்டாள். சொல்லச் சொல்லக் கதையில் காற்று கூடிக்கொண்டே போகிறது. இப்போதெல்லாம் அண்ணாச்சி கீழேயே விழுந்துவிடுகிறார். போன மாதம் அடையாறில் என் கண்காட்சிக்கு வந்த ஒரு நிருபர், "உங்களுக்கென்று ஒரு பாணி எப்படி அமைந்தது?" என்று கேட்டார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு தயாராவதற்குள், பின்னாலிருந்து அம்மா பதில் சொல்லிவிட்டாள்:

"இவ தொங்க விட்டா, நான் சுத்த விட்டேன். அவ்வளவுதான்."

நிருபர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.