பிள்ளை பெற்றவளின் தட்டு

பிள்ளை பெற்ற வீட்டுக்கு வந்ததும் தொட்டிலை எட்டிப் பார்க்காமல் நேரே சமையலறையை எட்டிப் பார்க்கிற பிறவி ஒன்று உண்டு. நெதர்லாந்தின் வடக்கே எங்கள் குரோனிங்கன் பக்கம் தெருவுக்கு ஒன்று தேறும். உங்கள் ஊரிலும் பஞ்சம் இருக்காது. நான் இதற்குப் 'போஷாக்கு அதிகாரி' என்று பெயர் வைத்திருக்கிறேன். சம்பளம் கிடையாது, விடுமுறை கிடையாது, ஓய்வு பெறும் வயது அறவே கிடையாது. பெரும்பாலும் பெண்ணாக இருக்கும். ஆணாக இருந்தால், "எங்கம்மா சொல்லுவாங்க" என்று ஆரம்பிக்கும்.

பிரசவத்துக்குப் பிறகுதான் இவருக்கு வேலை என்று நினைக்காதீர்கள். கர்ப்பச் செய்தி காதில் விழுந்த அன்றே பொறுப்பேற்றாகிவிட்டது. என் பக்கத்து வீட்டு மாரிட்டுக்கு வாய்த்தவர், அவள் கணவன் யெல்மரின் அத்தை ஹென்ட்ரீனா. மாரிட்டுக்கு வயிறு தெரிய ஆரம்பித்ததும் வீட்டிலிருந்த அதிமதுர மிட்டாய் டப்பா அத்தையின் கைப்பைக்குள் போயிற்று. ரத்தக் கொதிப்பு வருமாம். வெங்காயம் தூவிய பச்சை ஹெரிங் மீன் போயிற்று, பிள்ளைக்கு ஆகாதாம். மிருதுவான சீஸ் முழுவதும் போயிற்று. காரணம் கேட்க யாருக்கும் தைரியமில்லை. பதிலுக்கு வந்தது பார்லி போட்ட மோர்க் கஞ்சி. காலையிலும் அதுதான், மாலையிலும் அதுதான். பறிமுதலான பண்டங்கள் எங்கே போயின என்கிறீர்களா? கொட்டுவதற்கு அத்தைக்கு மனசு வராது. அந்தப் பேறுகாலம் முழுக்க அத்தைதான் மினுமினுவென்று இருந்தார்.

மாரிட் வீட்டிலேயே பெற்றாள். பெண் குழந்தை. பிள்ளை பிறந்த சேதி ஊருக்குத் தெரிய, எங்கள் வழக்கப்படி யெல்மர் ஜன்னலில் நாரைப் படம் ஒட்டினான். தாதியின் முதுகு நோகக் கூடாதென்று கூடத்துக் கட்டிலைக் கட்டைகளின் மேல் ஏற்றி வைத்திருந்தார்கள். அந்த உயரத்தில் மாரிட் எல்லோர் பார்வையிலும் படும்படி கிடந்தாள். நாலாம் நாள் தாதி குழந்தையைத் தராசில் போட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். எடை ஏறவில்லை.

"பால் பத்தல மாரிட். வேற வைத்தியம் ஒண்ணும் வேண்டாம், வயிறு நிறையச் சாப்பிடு" என்று சொல்லிவிட்டு அவள் சைக்கிள் ஏறிப் போனாள். தெருமுனை திரும்பினாளோ இல்லையோ, சூப் பாத்திரத்தோடு அத்தை வந்து இறங்கினார்.

பின்னாலேயே நாங்கள் ஒரு கூட்டம். பிள்ளை பார்க்க வருகிறவர்களுக்கு ரஸ்கில் வெண்ணெய் தடவி, சர்க்கரை பூசிய சோம்பைத் தூவிக் கொடுப்பது எங்கள் வழக்கம். பெண் பிறந்தால் இளஞ்சிவப்புச் சோம்பு. பிள்ளை பெற்றவளுக்குச் சோம்பு பால் சுரக்க வைக்கும் என்று ஆதியில் யாரோ நல்லெண்ணத்தில் ஆரம்பித்தது. எனவே மாரிட்டுக்குப் பால் சுரப்பதற்காக, நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக்கொண்டு, நாங்கள் அத்தனை பேரும் கடமை தவறாமல் மென்றோம். தபால்காரர் மென்றார். யெல்மரின் மேலாளர் மென்றார். அத்தை எங்களுக்கு வழிகாட்டியாக, கூடுதலாகவே மென்றார்.

"எனக்கும் ஒண்ணு குடுங்களேன்" என்றாள் மாரிட், கட்டில் மேலிருந்து.

"உனக்கு இல்லாததாம்மா?" அத்தை டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினார். தூள் கொட்டியது. "அடடா, தீந்துபோச்சே! போகட்டும் விடு, ரஸ்க் வறட்சி. உனக்குன்னுதான் கோழி சூப் வச்சுக் கொண்டாந்திருக்கேன்."

வைத்துக் கொண்டு வந்தது உண்மை. ஆனால் வெளியே மழை, வந்தவர்கள் நனைந்திருந்தார்கள், ஆளுக்கொரு கிண்ணம் கொடுப்பதுதானே மரியாதை? உப்பு சரியா என்று அத்தை பார்த்தார். சந்தேகம் தீராமல் மறுபடியும் பார்த்தார். மாரிட்டுக்குப் போய்ச் சேர்ந்தது ஒரு கேரட் துண்டு மிதந்த வெந்நீர்.

"சத்தெல்லாம் தண்ணியிலதாம்மா இருக்கு. கறியில என்ன இருக்கு?" என்றார் அத்தை, கறியை மென்றபடி.

ஆறு மணி நெருங்கியதும் எல்லோரும் எழுந்தார்கள். சாப்பாட்டு வேளையில் பிறத்தியார் வீட்டில் உட்கார்ந்திருப்பது எங்கள் ஊரில் கொலைக்கு அடுத்த குற்றம். கோப்பைகளைக் கழுவித் தரும்படி யெல்மர் கேட்டுக்கொண்டதால் நான் நின்றேன். அத்தை யாரும் கேட்காமலே நின்றார். அதிகாரிக்கு ஏது வேளை?

யெல்மர் சுருட்டைக் கோஸையும் உருளைக்கிழங்கையும் வேகவைத்து மசித்து, தட்டில் குவித்து, நடுவே குழி செய்து கறிச்சாறு ஊற்றி, புகையில் வாட்டிய தொத்திறைச்சியைப் பக்கத்தில் சாய்த்து எடுத்து வந்தான். அந்த வாசனைக்கே மாரிட் நிமிர்ந்து உட்கார்ந்து கையை நீட்டிவிட்டாள். தட்டு கட்டிலை எட்டவில்லை.

"நில்லுடா! கோஸா?"

"அவதான் கேட்டா, அத்தை."

"அவ கேப்பா. இவ தின்னா அது பால்ல எறங்கி, புள்ள வயித்துல காத்தா நிக்கும். ராப்பூரா அலறும். தோள்ல போட்டுக்கிட்டு நீயா நடக்கப் போற?"

"ஆமா, நான்தான் நடக்கப் போறேன்."

"எதுத்துப் பேசாத."

தட்டு அத்தையின் மடிக்கு வந்துவிட்டது. "சூடா இருக்கறத வீணாக்கக் கூடாது பாரு. உனக்குச் சோம்புத் தண்ணி போடச் சொல்றேன், கண்ணு" என்று முள்கரண்டியை எடுத்தார். அதிகாரிகளின் சட்டம் தெளிவானது. குழந்தை தூங்கினால் அது அவர்கள் கொடுத்த சோம்பு. அழுதால் தாய் தின்ற கோஸ். இதில் அவர்கள் தோற்றதாகச் சரித்திரமே இல்லை.

குழந்தை அழுதது. மாரிட் எடுத்து மார்பில் சேர்த்தாள். அது இரண்டு இழு இழுத்துப் பார்த்துவிட்டு, வாயை எடுத்துக்கொண்டு வீறிட்டது. மறுபடி சேர்த்தாள், மறுபடி வீறிட்டது. மாரிட்டின் கண்ணில் நீர் நின்றது. பிறகு அவள் குழந்தையை யெல்மர் கையில் திணித்துவிட்டு, அந்த உயரமான கட்டிலிலிருந்து தன் பாட்டுக்குச் சரிந்து இறங்கி, வெறுங்காலோடு அத்தையின் முன்னால் வந்து நின்றாள்.

"அத்தை, அவ என்னைக் குடிச்சு வளர்றா. நான் யாரைக் குடிக்கறது?"

பதிலுக்குக் காத்திராமல் தட்டைப் பிடுங்கினாள். பாதிதான் மிஞ்சியிருந்தது. நின்றபடியே அதைத் தின்றாள். சமையலறைக்கு வந்து, சோப்பு நுரைக் கையோடு நின்ற என்னை இடித்துத் தள்ளிவிட்டு, பாத்திரத்தில் இருந்ததையும் மரக்கரண்டியால் வழித்துத் தின்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பசித்தவள் சாப்பிடுவதைப் பார்ப்பது எவ்வளவு நிம்மதி!

அன்றிலிருந்து தினமும் அவள் கேட்டதையே யெல்மர் சமைத்தான். குழந்தைக்கு எடை ஏறியது. ராத்திரிகளில் நன்றாகத் தூங்கவும் செய்தது.

தூங்காதவர் அத்தைதான். கோஸ் தின்றதற்கு மறுநாள் காலையிலேயே தொலைபேசியில் வந்தார். "ராப்பூரா வயித்துல ஒரே காத்துடா யெல்மர், பொட்டுத் தூக்கம் இல்ல. கோஸ் ஆகாது, கோஸ் ஆகாதுன்னு அவ்வளவு சொன்னேனே, யாராவது கேட்டீங்களா?"

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள்: மாரிட் அந்தத் தட்டைப் பிடுங்கியபோது, 'என்ன இருந்தாலும் பச்சை உடம்புக்காரி கோஸ் தின்னலாமா, வாயுவாச்சே!' என்று உங்களுக்குள் யாரோ முணுமுணுத்தார்களா, இல்லையா? முணுமுணுத்திருந்தால், அடுத்த தடவை பிள்ளை பார்க்கப் போகும்போது தயவுசெய்து வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.