இரண்டு அங்குல மானம்

இந்த வீட்டில் இனிமேல் எதுவும் குனிந்து நிற்காது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முடிவெடுத்தேன். என்னிலிருந்து தொடங்குவது கொஞ்சம் சிரமம். அதனால் வண்டியிலிருந்து தொடங்கினேன்.

வண்டி என்றால் பிக்கப். நாலு சக்கரமும் இழுக்கும். எனக்கு முன்பே இரண்டு பேரிடம் உழைத்துக் களைத்து வந்தது. பின்பக்கம் உயரம், முன்பக்கம் தாழ்வு. பின்னால் பாரம் ஏற்றினால் சமமாகிவிடும் என்று அப்படிச் செய்கிறார்களாம். நான் ஏற்றும் பாரமோ என் சாப்பாட்டு டப்பா ஒன்றுதான். மூக்கு தரையைப் பார்த்தபடியே ஓடும். நானாக அதைக் கவனித்ததில்லை. என் மனைவிதான் வாசலில் நின்று சொன்னாள்.

"என்னங்க, உங்க வண்டி யாருக்கோ கும்பிடு போடுற மாதிரியே நிக்குதே?"

"அதோட அமைப்பே அப்படித்தான்."

"எதிர் வீட்டுக்காரர் வண்டி நிமிர்ந்து நிக்குது. அதைப் பாத்துத்தான் கும்பிடுதோ என்னமோ."

அதற்கப்புறம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மெக்கானிக்கிடம் ஓடினேன்.

"முன் ஸ்பிரிங் ரெண்டு மேலயும் ஒவ்வொரு இரும்பு வளையம் வச்சா ரெண்டு இன்ச் ஏறிடும் சார். முன்னும் பின்னும் சமமா நிக்கும். வீட்ல கேட்டுட்டீங்களா?"

"எங்க வீட்ல நான் வச்சதுதான் சட்டம்."

"அப்ப கேட்டுட்டே வந்துடுங்க சார்."

கேட்கப் போனேன். என் மனைவி சோபாக்களுக்கு மெத்தையும் உறையும் தைப்பவள். கூடத்தில் பஞ்சு, படுக்கையறையில் ஃபோம், நான் உட்காரும் இடத்திலெல்லாம் ஊசி. "ஷெட்டைக் குடுங்களேன், மெஷினை அங்க போட்டுக்கறேன்" என்பாள். "வண்டி எங்க நிக்கும்?" என்பேன். அதோடு பேச்சு முடியும். அந்த ஷெட்டில் வண்டி நுழைவதே ஒரு வித்தை. உள்ளே ஓட்டும்போது நான் தலையைக் குனிந்துகொள்வேன், என்னவோ நான் குனிந்தால் வண்டிக்கும் இடம் கிடைக்கும் என்பது போல.

அன்று ஏதோ ஒரு பிரம்மாண்டமான சாம்பல் நிற உறையைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"வண்டியோட முன்பக்கத்தைத் தூக்கலாம்னு இருக்கேன்."

மெஷின் நிற்கவில்லை. "தூக்குங்க."

"ரெண்டு இன்ச்."

"ரெண்டு போதுமா?"

ஒரு பனியன் வாங்கவே மூன்று கட்ட விசாரணை நடக்கும் வீடு இது.

"உன் தம்பி யாராவது வந்து தங்கப் போறானா?"

"ஏன், நல்லதுக்கே காலமில்லையா? உங்க மானம் முக்கியம் இல்லையா? ஆனா ஒண்ணு. நாலு நாள் கழிச்சுப் பிடிக்கலன்னு மறுபடி இறக்கிட்டு வந்து நிக்கக் கூடாது."

"ஏத்தினதை இறக்குற பரம்பரையா நாங்க?" என்றேன், எதிர் வீட்டுக்கும் கேட்கட்டும் என்று உரக்கவே.

"நல்லாச் சொன்னீங்க."

"இந்த உறை யாருக்கு? யானைக்கா?"

"ஒரு பெரிய ஆளுக்கு. வெயில் மழை தாங்காதாம், பாவம்."

அந்த வாரம் முழுக்க அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிரித்தாலும் பயம், சிரிக்காவிட்டாலும் பயம். அவளோ பாட்டை முணுமுணுத்தபடி தைத்துக்கொண்டிருந்தாள்.

வளையம் ஏறியது. மெக்கானிக் டேப்பை வைத்து அளந்து காட்டினார். முன்னும் பின்னும் ஒரே உயரம். தெருவுக்குள் நுழையும்போதே ஹாரன் அடித்தேன். எதிர் வீட்டுக்காரர் கேட்டில் சாய்ந்து நின்று பார்த்தார். வண்டியை ஷெட்டுக்குத் திருப்பினேன். வழக்கம்போலத் தலையைக் குனிந்தேன்.

டமார்!

மூக்கைத்தான் தூக்கினோம் என்று நினைத்திருந்தேன். மூக்கோடு நெற்றியும் ஏறிவிட்டிருந்தது.

"என்னங்க, என்ன சத்தம்?" மனைவி வந்தாள். ஓடி வரவில்லை, நடந்து வந்தாள்.

"உத்தரம் இடிக்குது."

"அடடா." அந்த அடடாவில் ஆச்சரியம் ஒரு சொட்டுக்கூட இல்லை.

"பரவால்ல, நாளைக்கே மெக்கானிக்கிட்ட..."

"எதுக்கு? இறக்கவா?" குரல் உயர்ந்தது. எதிர் வீட்டுக்காரர் காதைத் தீட்டினார். "ஏத்தினதை இறக்குற பரம்பரையான்னு நீங்கதானே..."

"சரி சரி, மெதுவாப் பேசு. வண்டி வெளியிலயே நிக்கட்டும்."

"அப்ப ஷெட் சும்மாதானே கிடக்கும்?"

இருட்டுவதற்குள் மெஷின், மேஜை, ஃபோம், பஞ்சு எல்லாம் ஷெட்டுக்குள் போய்விட்டன. தூக்கியது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு கடைசி ஆயுதத்தை எடுத்தேன்.

"ஒரு மழை பெஞ்சா வண்டி நாசமாப் போயிடும், தெரியுமா?"

அவள் உள்ளே போய் அந்தச் சாம்பல் நிற உறையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். விரித்தேன். பின்பக்கம் கச்சிதம். கூரை கச்சிதம். முன்பக்கம் மட்டும் கீழே இரண்டு அங்குலம் தையலைப் பிரித்து, துணியை இறக்கி, மறுபடி அடித்திருந்தாள். ஒரு சுருக்கம் இல்லை.

"கயிறு அடியில இருக்கு பாருங்க," என்றாள். "முன் சக்கரத்தோட சேத்துக் கட்டணும்."

கட்டுவதற்குக் குனிந்தேன்.